நெய் இல்லாமல் ஒரு பிரியாணி

மிளகாய் வறுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் என் வலது கண்ணில் பனி இறங்கியது. புகைதான் என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அது போகவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அடுப்பு, சட்டி, சுவரில் தொங்கிய சல்லடை எல்லாமே அழுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போலத் தெரிந்தன. சிவப்பு மிளகாய் பழுப்பாகத் தெரிந்தது. கருகிவிட்டதோ என்று பயந்து சட்டியை இறக்கினேன்.

மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, அதுக்குள்ள ஏன் எறக்குன?" என்றார்.

நயா பைசா புதிதாக வந்திருந்த சமயம் அது. எனக்கு இருபத்தாறு வயது. மூன்று வயதில் ஒரு மகள். திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீடு. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன பிரியாணிக் கடை. நாலு பெஞ்சு, தினம் ஒரு அண்டா பிரியாணி. பகல் ஒரு மணிக்கு மூடியைத் திறந்தால் மூன்று மணிக்குள் அண்டாவின் அடி தெரிந்துவிடும். கடைக்கு வேண்டிய மசாலா முழுவதையும் நானும் மாமியும் வீட்டில் வறுத்து இடித்துக் கொடுப்போம். மாமி என் அத்தாவோடு, அதாவது அப்பாவோடு, கூடப்பிறந்தவர்; அவர் மகன்தான் என் வீட்டுக்காரர். அதனால் அவரை மாமி என்றும் அவர் மகனை மச்சான் என்றும் சின்ன வயதிலிருந்து கூப்பிட்ட வழக்கம் கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை.

கண்ணைக் காட்ட மதுரைக்குப் போனோம். கண்ணில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்றார்கள். ஒரு மாதத்தில் பனி தானாகவே விலகியது. மிளகாய் மறுபடி சிவந்தது. கண்ணேறு கழிந்தது என்று மாமி பள்ளிவாசலுக்குச் சர்க்கரை கொடுத்தனுப்பினார். நாங்கள் மறந்துவிட்டோம்.

அடுத்த வருஷம் மழை ஓய்ந்த பிறகு கால் தொடங்கியது. தரையில் யாரோ பஞ்சை விரித்துவிட்டது போல இருக்கும். ஒருநாள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வீட்டு வாசலில் நின்று பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது. இன்னொன்று எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. மகளின் சட்டைப் பித்தானை மாட்ட உட்கார்ந்தால் விரல்கள் வேறு யாருடையதோ போல வேடிக்கை பார்த்தன. பகல் ஏற ஏற உடம்பு ஈரத்துணி போலக் கனக்கும்.

அதுவரை என் கால் எனக்குச் சொந்தமாக இருந்தது. அதற்குப் பிறகு தெருவுக்கே சொந்தமாகிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் ஒரு மருந்தோடு வந்தார்கள். முடக்கத்தான் கீரையை வாரக்கணக்கில் தின்றேன். ஹக்கீம் ஒருவர் பாதாமும் குங்குமப்பூவும் போட்டு, நெய் சொட்டச் சொட்ட ஒரு லேகியம் கிண்டிக் கொடுத்தார். அது ரொம்ப நன்றாக இருந்ததால் பாதியை என் மகள் தின்றுவிட்டாள். அவள் கன்னம் உப்பியது; என் கால் அப்படியே இருந்தது. புறா ரத்தம் தேய்த்தால் வாதம் இறங்கும் என்று யாரோ சொல்ல, மாமி ஒரு கூடையில் இரண்டு ஜோடிப் புறாக்களை வாங்கி வந்தார். ரத்தம் வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மகள் அவற்றுக்கு அரிசி போட ஆரம்பித்திருந்தாள். அப்புறம் அறுக்க யாருக்கு மனசு வரும்? ஒரே வருஷத்தில் எங்கள் மாடியில் இருபது புறாக்கள்.

பழனிப் பக்கத்திலிருந்து ஒரு வைத்தியர் வந்தார். மெலிந்த மனிதர், குரல் ஏறவே ஏறாது. "இருவத்தோரு நாள் தைலம் தேய்ச்சு, பொறுக்கற சூட்டுல தண்ணி ஊத்தோணுங்க. அப்பறம் பாருங்க, நீங்களே நடந்து வந்து எனக்குக் காப்பி குடுப்பீங்க" என்றார். மூன்றாம் நாள் மாமி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் மங்கியது. மணையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு காலும் என்னுடையதாகவே இல்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். விசிறி வீசி, ஈரத்துணி போட்டு, ஒரு மணி நேரம் போனதும் கண்ணும் காலும் பழையபடி வந்தன.

வைத்தியர் மறுநாள் வந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு மச்சானிடம் சொன்னார். "சூடு இவங்களுக்கு ஆவறதில்லீங்க. இது நான் பாத்த வாதம் இல்லீங்க. இதுக்கு மேல நான் கை வெக்கறது தப்பு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." தைலத் தூக்கையும் பையையும் எடுத்துக்கொண்டு, காப்பி குடிக்காமலே போய்விட்டார். தனக்குத் தெரியாது என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே எனக்கு வாய்த்த டாக்டர் மலையாளத்துப் பெண்மணி. தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார். சாவியால் உள்ளங்காலைக் கீறினார். ஒரு இரும்புக் கவட்டையைத் தட்டி என் கணுக்காலில் வைத்து, அதிர்வது தெரிகிறதா என்றார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். நான் சாய்ந்ததும் பிடித்துக்கொண்டார். கண்ணில் பனி விழுந்த கதையை மறுபடி மறுபடி கேட்டார். வெந்நீர் விஷயத்தைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டு, "அந்த வைத்தியர் நல்லா கவனிச்சிருக்கார்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். அப்போது அந்த நோய்க்கு வேறு ஒரு நீளமான பெயர் சொன்னார்கள். இன்றைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார்கள். நரம்பின் மேல் கம்பிக்கு இருப்பது போல ஒரு உறை உண்டு, அது அங்கங்கே தேய்ந்துபோகிறது என்றார்.

"ரேடியோ வயரு மாதிரியா?" என்று மச்சான் கேட்டார்.

"அதே மாதிரி. உறை போன இடத்துல கரண்ட் ஒழுங்கா போகாது. சில நேரம் தானா சரியாகும். திரும்பவும் வரலாம்."

"மருந்து?"

"இப்போ இல்லை."

மச்சான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு டாக்டர் மேசை மேல் கையை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். வெளிநாட்டில் ஒரு சிலர் இந்த நோய்க்காரர்களுக்குக் கொழுப்பைக் குறைத்துச் சாப்பாடு கொடுத்துப் பார்க்கிறார்களாம். நல்லதுதான் செய்கிறது என்கிறார்களாம். "அது உண்மையான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் இன்னும் தெரியாது. ஆனா உங்களுக்குக் கெடுதல் வராது. வெறுமனே காத்திருக்கிறதுக்குப் பதிலா இதைச் செய்யலாம்."

"கொழுப்புன்னா, நெய்யி கூடாதா?"

"கூடாது. வெண்ணெய், தேங்காய், பால் ஆடை எதுவும் கூடாது."

"ஆட்டுக்கறி?"

"கூடாது. மீன் சாப்பிடலாம். கீரை, காய், பருப்பு எவ்வளவு வேணும்னாலும். எண்ணெய் மட்டும் ஸ்பூன்ல அளந்து."

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டாக்டரம்மா, நான் பிரியாணிக் கடை வச்சிருக்கேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். "அப்போ கஷ்டம் இவங்களுக்கு இல்லை, உங்களுக்குத்தான்." வாரக்கணக்காக நான் சிரிக்கவே இல்லை. அன்றைக்குச் சிரித்தேன். வெயிலில் அலையக்கூடாது, களைப்பு வருமுன் படுத்துவிட வேண்டும், மீன் எண்ணெய் தினம் ஒரு கரண்டி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமி நம்பவில்லை. "நெய்யி இல்லாம ஒரு பொம்பள எப்படிப் பொழைப்பா? அவ ஏற்கெனவே தெம்பில்லாம கெடக்கா. இருக்கிற நெய்யையும் புடுங்கணுமா?" அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த வீட்டில் ஒருவர் மேல் இருக்கிற பாசம் சோற்றின் மேல் விழுகிற நெய்யில்தான் தெரியும். முதல் பத்து நாள் என் தட்டில் சோற்றுக்கு அடியில் நெய்யை ஒளித்து வைத்தார். வாசனை காட்டிக்கொடுத்துவிடும். "மாமி" என்று நான் இழுத்தால், "ஒரு சொட்டுத்தான்டி, டாக்டரு என்ன பாத்துக்கிட்டா இருக்காக?" என்பார்.

பாலிலும் ஒரு சண்டை வந்தது. சின்னாளபட்டிப் பக்கமிருந்து ஒரு அக்கா எங்களுக்குப் பால் கொண்டுவருவார். ஆடை எடுத்த பால் வேண்டும் என்று சொன்னதும் தூக்கைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "என்ன தாயி இது. ஒரு செம்பு தண்ணி கலந்தா ஊரே சண்டைக்கு வரும். நீங்க பாலுல உள்ள சத்த எடுத்துட்டுக் குடுங்கிறீக. நாளைக்கு என் மாடு நல்லா கறக்கலன்னு யாராச்சும் பேசுனா?" காரணத்தைச் சொன்னேன். அவர் என் காலைத் தொட்டுப் பார்த்தார். மறுநாளிலிருந்து கடைந்து வெண்ணெய் எடுத்த மோரை எனக்கென்று தனிச் செம்பில் கொண்டுவந்தார். அதற்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. "வெண்ணெ எனக்கு மிச்சந்தானே" என்றார்.

மீன் எண்ணெய்தான் பெரிய சோதனை. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். எதிர்வீட்டுப் பூனை என்னை விட்டு நகராமல் நான் போகிற இடமெல்லாம் வந்தது. மச்சான் வாரத்தில் இரண்டு நாள் குளத்து விரால் வாங்கி வருவார். ஆட்டுக்கறியில் வளர்ந்த வீடு. மீனின் முள் மாமிக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் என்றால் கறி என்றிருந்தது மாறி, கத்தரிக்காயும் அவரையும் பூசணியும் அடுப்பில் ஏறின.

அந்த வருஷக் கோடை வந்தது. திண்டுக்கல் கோடையைச் சொல்ல வேண்டியதில்லை. பத்து மணிக்குமேல் என் கால் துவண்டுவிடும், கண் மங்கும். அப்போது என் மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். அவளுடைய வாத்தியார் காந்திகிராமத்தில் பயிற்சி பெற்றவர், கதர்தான் உடுத்துவார், இயற்கை வைத்தியத்தில் பிடிப்பு உள்ளவர். வீட்டுக்கு வந்து விவரம் கேட்டுவிட்டு, வயிற்றுக்கு மண்பட்டி போடச் சொன்னார். அது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இன்னொன்றும் சொன்னார். காலையிலும் மாலையிலும் ஒரு தொட்டியில் குளிர்ந்த நீர் நிரப்பி, இடுப்பு வரை முங்க உட்கார வேண்டும். "சூடு ஆகலைன்னா குளிர்ச்சியாவது கொடுத்துப் பாப்போமே" என்றார்.

"தொட்டிக்கு எங்க போறது?" என்றார் மாமி.

மச்சான் கூரையைப் பார்த்து யோசித்தார். பிறகு எழுந்து போனார். அரை மணியில் ஒரு மாட்டுவண்டி வாசலில் நின்றது. வண்டியில் கடையின் பெரிய அண்டா இருந்தது. கல்யாணங்களுக்கு மட்டும் எடுப்பது. இருநூறு பேருக்குச் சமைக்கலாம். அதை நாலு பேர் இறக்கிப் பின்கட்டு முற்றத்தில் வைத்தார்கள்.

எங்கள் ஊரில் தண்ணீர் என்பது விளையாட்டு இல்லை. அந்த அண்டாவை நிரப்புவது பெரிய ஆடம்பரம். மச்சானே கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றினார். ஒரு முக்காலி போட்டு என்னை ஏற்றி உள்ளே இறக்கினார்கள். அண்டாவின் விளிம்புக்கு மேல் என் தலை மட்டும் வெளியே. ஈயம் பூசிய பளபளப்பு, சுற்றிலும் மெல்லப் பட்டை கிராம்பு வாசனை. எத்தனை தேய்த்தாலும் அந்த வாசனை போகாது. தண்ணீர் ஏறியதும் என் உடம்பு மெதுவாகத் தெளிந்தது. எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த பல்லியின் வால் நுனி வரை தெரிந்தது. கால் விரலை அசைத்தேன், அசைந்தது.

"மச்சான், எல்லாம் தெரியுது" என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமி அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து என்னைப் பார்த்தார். "உப்பு, காரம் போடவா?" என்றார். அவர் சிரிக்காமல் சொன்னதால் எங்களால் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

மறுநாள் என் மகள் பள்ளிக்கூடத்தில், "எங்கம்மாவ எங்கத்தா பிரியாணி அண்டாவுல போட்டுட்டாரு" என்று சொல்லிவிட்டாள். சாயந்திரம் நாலு பிள்ளைகளின் தாய்மார்கள் பதறிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் அண்டாவையும் அதற்குள் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்த என்னையும் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர்களில் இரண்டு பேர் மாலை நேரத்தில் வந்து அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து பேசிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. குளித்த தண்ணீரை ஒரு சொட்டும் வீணாக்காமல் முருங்கைக்கும் வாழைக்கும் ஊற்றுவோம்.

கல்யாண ஆர்டர் வந்தால் அண்டா கடைக்குப் போய்விடும். அந்த நாட்களில் ஈரத்துண்டோடு சமாளிப்பேன்.

இதற்கிடையில் மச்சானுக்கு ஒரு பிடிவாதம் பிடித்துவிட்டது. ஊருக்கெல்லாம் பிரியாணி போடுகிறவன் பெண்டாட்டி கீரையும் மோரும் குடித்துக்கொண்டிருப்பதா என்று அவருக்குக் குறை. கடைக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில், தொழுகை முடிந்து வந்ததும் ஒரு சின்னத் தேக்சாவை அடுப்பில் ஏற்றுவார். நெய் இல்லாமல், தேங்காய் இல்லாமல், கறி இல்லாமல் பிரியாணி. எண்ணெய் இரண்டே ஸ்பூன்.

முதல் வெள்ளிக்கிழமை வெங்காயம் கருகியது. இரண்டாவது வெள்ளிக்கிழமை சீரகச் சம்பா குழைந்து கூழானது. மூன்றாவது தடவை சோறு பொலபொலவென்று வந்தது; ஆனால் மீன் கரைந்து காணாமல் போயிருந்தது. "மீன் இருந்துச்சுன்னு நாமதான் நம்பணும்" என்றார் மாமி. அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு நீதிபதியைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பார். கையே வைக்க மாட்டார்.

மச்சான் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். வெங்காயத்தை இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வதக்கி, ஒட்டும்போதெல்லாம் ஒரு கை மோர் தெளித்தார். அரைமணி நேரத்தில் அது பொன்னாக வந்தது. அரிசியை முக்கால் வேக்காட்டில் வடித்துத் துணியில் உலர்த்தினார். விரால் துண்டுகளில் மஞ்சளும் எலுமிச்சையும் தடவி ஒருமணி நேரம் வைத்தார். அது கெட்டி மீன், தம்மில் உடையவில்லை. ஒன்று மட்டும் தீரவில்லை. நெய் இல்லாததால் சோறு அடியில் பிடித்து, மேலே இருப்பதற்கும் தீய்ந்த வாடையைக் கொடுத்தது. ஐந்து வாரம் அதிலேயே போயிற்று.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவர் தேக்சாவின் முன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏலே, அடியில ரெண்டு வாழ எலையப் போட்டா ஒட்டுமாடா?" என்றார்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா?"

"நீதான மாஸ்டரு. நான் யாரு?"

பின்கட்டு வாழையிலிருந்து மாமியே இலை அறுத்து, தணலில் வாட்டி, இரண்டு அடுக்காக விரித்துக் கொடுத்தார். அன்றைக்குத் தம் உடைத்தபோது ஒரு பருக்கை கூட ஒட்டவில்லை. இலையின் வாசனை சோற்றில் இறங்கியிருந்தது. மூன்று பேரும் மகளும் ஒரே சகனில், அந்தப் பெரிய தாம்பாளத்தில், கை வைத்துச் சாப்பிட்டோம். கடைப் பிரியாணி மாதிரி இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அது வேறு. எலுமிச்சையும் புதினாவும் முன்னால் நின்றன. மீன் இதமாக இருந்தது. இரண்டு வருஷமாக எனக்கு உணவு என்றால் மருந்து. அன்றைக்குத்தான் அது மறுபடி சாப்பாடாக ஆயிற்று.

மாமி கடைசிப் பருக்கை வரை வழித்துவிட்டு, "ஒரு கரண்டி நெய் ஊத்துனா நல்லாருக்கும்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கட்சி மாறிவிட்டார். கல்யாண வீடுகளில் யாராவது என் இலையில் கறி வைக்க வந்தால் குறுக்கே கையை நீட்டி, "அவளுக்கு வைக்காதீக. டாக்டரம்மா உத்தரவு" என்பார். வெண்ணெய் போட்ட பலகாரம் எந்த வீட்டில் செய்வார்கள், எந்த வீட்டில் கடலை எண்ணெய் என்று அவருக்கு ஊர்க்கணக்கே தெரியும்.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகப் போனது. நடந்தேன், மசாலா இடித்தேன், மகளைத் தூக்கினேன். இனி வராது என்று எனக்குள் நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு காலையில் இடது கை மரத்துப்போய் எழுந்தேன். இரண்டு நாளில் தோள்வரை ஏறியது.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேராக அடுக்களைக்குப் போனேன். நெய் ஜாடியைத் திறந்து வலது கையால் வழித்து வழித்து வாயில் போட்டேன். அழுகையும் நெய்யும் ஒன்றாக இறங்கின. நிமிர்ந்தால் வாசலில் மாமி நின்றுகொண்டிருக்கிறார். "இம்புட்டு நாள் நாக்கக் கட்டி என்ன மாமி கண்டேன்?" என்றேன்.

அவர் திட்டவில்லை. வந்து என் கையைத் துணியால் துடைத்துவிட்டார். "தின்னாச்சா? வயிறு நெறஞ்சுச்சா? சரி. நாளைக்கு மறுபடி ஆரம்பிப்போம்." இதை மகனிடமும் சொல்லவில்லை.

டாக்டருக்கு நானே எழுதினேன், நெய் தின்றதையும் சேர்த்து. பதில் சீக்கிரமே வந்தது. வருவதும் போவதும் இந்த நோயின் இயல்பு என்றும், ஒரு ஜாடி நெய்யால் இது வரவில்லை, நெய்யை விட்டதால் இது வராமலும் இருக்காது என்றும், முன்னால் நன்றாக இருந்ததற்கும் உணவுதான் காரணம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி. இந்தச் சாப்பாட்டால் உடம்பு இலேசாக இருக்கிறதா, மனசு நன்றாக இருக்கிறதா? இருந்தால் தொடருங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்; நான் கோபிக்க மாட்டேன்.

நான் யோசித்துப் பார்த்தேன். இருந்தது. வெள்ளிக்கிழமைகள் நன்றாக இருந்தன. தொடர்ந்தேன். ஆறேழு வாரத்தில் கை பெரும்பாலும் திரும்பியது. சுண்டு விரல் மட்டும் இன்றுவரை கொஞ்சம் மந்தம்.

அதற்கடுத்த மே மாதம் டாக்டரிடமிருந்து ஒரு கார்டு. கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போகிறேன், இன்ன தேதி காலை கொடைரோட்டில் இறங்குகிறேன், முடிந்தால் வாருங்கள், உங்கள் காலைப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். கார்டைப் படித்ததும் மச்சான் விரால் சொல்லிவைக்கக் கிளம்பிவிட்டார்.

நாங்கள் கொடைரோடு ஸ்டேஷனுக்குப் போனபோது வெயில் இன்னும் ஏறவில்லை. என் கழுத்தில் ஈரத்துண்டு, மச்சான் கையில் ஐந்தடுக்குத் தூக்கு, அது ஆறாமல் இருக்க மேலே கம்பளி. டாக்டர் இன்னும் இரண்டு டாக்டர் தோழிகளோடு இறங்கினார். என்னைக் கண்டதும் பெட்டியைப் போர்ட்டரிடம் கொடுத்துவிட்டு, "முதல்ல நடங்க, பார்ப்போம்" என்றார்.

பிளாட்பாரத்தில் ஒரு நேர்கோடு போலக் கல் பதித்திருந்தது. அதன் மேல் குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். போர்ட்டர்கள், பழக்கூடைக்காரிகள், டீ விற்பவர் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பன்னிரண்டு அடி வரை நேராகப் போனேன். பதின்மூன்றாவதில் சாய்ந்து, நானே நிமிர்ந்துகொண்டேன். ஒரு பழக்கூடை அம்மா, "நல்லா நடக்குதுல்ல புள்ள, இதுல என்ன பரிட்ச?" என்று டாக்டரைக் கேட்டுவிட்டார்.

"பாஸ்" என்றார் டாக்டர்.

பயணிகள் தங்கும் அறையில் மச்சான் வாழையிலை விரித்துப் பரிமாறினார். பிரியாணி, கத்தரிக்காய்ப் பச்சடி, ஆடையெடுத்த தயிரில் வெங்காயம். டாக்டர் ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தி, "இதில் நெய்?" என்றார்.

"சொட்டு கெடையாது டாக்டரம்மா."

அவர் மறுபடி ஒரு வாய் எடுத்தார். டாக்டர் இரண்டாவது தடவை வாங்கினார். மூன்றாவது தடவை அவரே இலையை நகர்த்திக் காட்டினார். கைகழுவி வந்ததும் பையிலிருந்து மருந்து எழுதுகிற தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மச்சான் எதிரில் உட்கார்ந்தார். "சொல்லுங்க. வேற நோயாளிகளுக்குக் கொடுக்கணும். அவங்களும் நல்ல சாப்பாடு சாப்பிடட்டும்."

கடை மசாலாவின் அளவைக் கூடப்பிறந்தவர்களிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை மச்சான். அன்றைக்குக் கைகட்டி நின்றுகொண்டு, வெங்காயத்துக்கு மோர் தெளிப்பதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். இலை விரிப்பது மட்டும் "எங்கம்மா சொன்னது" என்று தனியாகச் சொல்லி, அப்படியே எழுதச் சொன்னார். டாக்டர் அப்படியே எழுதினார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது சாப்பாட்டாலதான்னு நான் எங்கேயும் எழுத மாட்டேன், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். "ஆனா நீங்க நல்லா இருக்கீங்க. அதை எழுதுவேன்."

அதற்குப் பிறகும் நோய் எத்தனையோ முறை வந்து போனது. ஐம்பது வயதில் கைத்தடி பிடித்தேன். இப்போது எழுபது தாண்டிவிட்டது. வீட்டுக்குள் தடியோடு, வெளியே போனால் சக்கர நாற்காலி. இதே நோய் வந்து என்னைவிடச் சீக்கிரம் படுத்துவிட்டவர்களையும் கேள்விப்பட்டிருக்கிறேன், ஒன்றுமே செய்யாமல் நன்றாக இருந்தவர்களையும் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு எது உதவியது என்று யாராவது கேட்டால் நான் கையை விரித்துவிடுவேன். எது என்னைச் சந்தோஷமாக வைத்திருந்தது என்று கேட்டால் மட்டும் நிறையச் சொல்வேன்.

அன்றைக்குக் கொடைரோட்டில் டாக்டர்கள் ஏறிய மலை பஸ் கண்ணைவிட்டு மறைந்ததும் நாங்கள் திண்டுக்கல் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் எனக்கு. காலித் தூக்கு மச்சான் மடியில். அம்பாத்துரை தாண்டும் வரை அவர் அதன் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "நெசமாவே நல்லா இருந்துச்சா புள்ள, இல்ல மரியாதைக்குச் சாப்ட்டாகளா?" என்று கேட்டார்.

"மரியாதைக்கு மூணு தடவ யாரு மச்சான் வாங்குவாக?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, ஊர் வருகிற வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார்.